ஒரு மணி நேரக் குரல், ஐந்தே முக்கால் மெகாபைட்

2020 ஜூனில், மழை தொடங்கி இரண்டாவது வாரம் இருக்கும், அத்தை போன் செய்தார். அத்தை தேவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார். நான் கீழே போடிநாயக்கனூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பது போடிமெட்டு மட்டும்தான். சாதாரண நாளாக இருந்தால் காலையில் பஸ் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு அத்தை வீட்டுக்குப் போய்விடலாம். கொரோனா ஊரடங்கால் அந்த ஜூனில் கேரள எல்லைச் செக்போஸ்டைத் தாண்ட பாஸ் வேண்டும், பாஸுக்குத் தகுந்த காரணம் வேண்டும். அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்பது அப்போது எடுபடாத காரணம்.

"எய்யா, ஒன் மாமா பேசுன டேப்பெல்லாம் ஒங்க வீட்டுப் பெட்டியிலதான கெடக்கு?"

மாமா குரலை மறுபடி கேட்க வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. டேப்பெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. எஸ்டேட்டில் ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், பிள்ளைகளில் யாராவது அங்கேயே வேலையில் இருந்தால் தவிர. அப்பா ரிட்டயர் ஆனபோது நாங்கள் யாரும் அங்கே வேலையில் இல்லை. வீட்டைக் காலி செய்து கீழே இறங்கிய லாரியில் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டி ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது. அதில் பத்து கேசட். எல்லாமே பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும் அறுபது நிமிடக் கேசட்.

மாமா 1984 முதல் 1991 வரை ஷார்ஜாவில் இருந்தார். எங்கள் ஆட்களில் அந்தத் தலைமுறைக்குக் கடிதம் எழுதுவது பெரும்பாடு. அத்தை கையெழுத்து மட்டும் போடுவார். அதனால் கேசட். ஊருக்கு லீவில் வருகிறவர் யாராவது கொண்டு வந்து தருவார், திரும்பிப் போகும்போது இங்கே பேசியதை வாங்கிப் போவார். ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு மாதம் ஆகும். பத்தில் ஆறு அங்கிருந்து வந்தவை. மீதி நான்கு இங்கிருந்து போனவை, மாமா ஊர் திரும்பியபோது பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தார். 2003-ல் மாமா இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தக் கேசட்டுகளை யாரும் போட்டுக் கேட்டதில்லை. கேட்பதற்கு டேப் ரெக்கார்டரும் இல்லை.

உண்மையில் பதினொன்று இருந்தது. பதினோராவதைப் பல வருடம் முன்பு ஒரு ஸ்டூடியோவில் மாற்றித் தரக் கொடுத்தோம். ஒரு சிடி வந்தது, கேசட் திரும்பி வரவில்லை. அந்த சிடியிலும் பாதிதான் ஓடுகிறது. அதனால் இந்த முறை எதையும் வெளியே கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது. மலையில் இருந்த கேசட்டுக்கு மலையின் நோய் உண்டு. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுப் பட்டை நான்கு கேசட்டில் உதிர்ந்தே போயிருந்தது. பழைய பக்திப் பாடல் கேசட்டுகளை வாங்கி, திருகைக் கழற்றி, அந்த ஓட்டுக்குள் மாமாவின் நாடாவை மாற்றி வைத்தேன். ஒவ்வொரு பக்கம் ஓடி முடிந்ததும், டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டியிருந்தது, பழுப்பாக ஏதோ வந்துகொண்டே இருந்தது.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. கேசட் காலத்தில் கடை வைத்திருந்தவர்களுக்கு இது கைவந்த விஷயம். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பதிவு செய்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் இல்லாவிட்டால் குரல் போர்வைக்குள் இருந்து பேசுவது போல மங்கிவிடும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஸ்க்ரூடிரைவரை வைத்து முடியளவு திருப்பி, 'ச' எங்கே தெளிகிறதோ அங்கே நிறுத்தினேன். பிற்பாடு என்ன மென்பொருள் போட்டாலும் இந்த ஒரு திருகு தருவதைத் தராது. குரலைச் சுருக்குவது பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன், கேட்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். அவர்கள் ஏதோ ஒரு ஆப் பெயரை எதிர்பார்த்து வருகிறார்கள்.

ஒரு மணி நேரக் கேசட்டை சிடி தரத்தில், நொடிக்கு 44,100 ஒலி மாதிரி (சாம்பிள்), 16 பிட், இரண்டு சேனல் என்று பதிந்தால் 635 மெகாபைட் வரும். அத்தை வீட்டில் டவர் கிடையாது. லயத்தின் முனையிலிருந்து கால் மணி நேரம் ஏறினால் ஒரு பாறை இருக்கிறது, அங்கே 2ஜி கிடைக்கும். அந்த வருடம் பள்ளிக்கூடம் எல்லாம் ஆன்லைன் ஆனதால் அத்தையின் பேரன் உட்பட லயத்துப் பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் அனுப்பும் ஒரு பக்கப் படம் இறங்கவே நேரமாகும். அந்த வழியாகத்தான் மாமா போக வேண்டும். பேரனின் போனில் இறக்கி, ப்ளூடூத்தில் அத்தையின் பட்டன் போனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பட்டன் போன் எந்த ஒலிக்கோப்பு வடிவத்தைப் பாடும் என்பது அடுத்த கேள்வி. எம்பி3 பாடும், ஏஎம்ஆர் பாடும். ஓபஸ் என்றால் 'ஆதரிக்கப்படாத கோப்பு' என்று நின்றுவிடும்.

எம்பி3-யை முதலில் பார்த்தேன். அதை நொடிக்கு 16 கிலோபிட் வரைக்கும் இறக்கலாம், அதற்குக் கீழேயும் போகலாம். ஆனால் எம்பி3 பாட்டுக்காகப் பிறந்தது. காதுக்கு எது கேட்காது என்று கணக்குப் போட்டு அதைத் தள்ளுவது அதன் வழி. தள்ளுவதற்கு இடம் தீர்ந்த பிறகும் தள்ளச் சொன்னால் குரல் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுகிறது. மாமா வாய்க்காலுக்குள் நின்று பேசினார்.

ஏஎம்ஆரின் வழி வேறு. 1999-ல் செல்போன் பேச்சுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை அது. பழைய நோக்கியா போனில் குரலைப் பதிந்தால் ஏஎம்ஆர் என்ற வாலுடன் ஒரு கோப்பு வருமே, அதுதான். அது காதைப் பற்றிக் கவலைப்படுவதைவிடத் தொண்டையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நாயனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீவாளி அதிர்கிறது, அது வெறும் கீச்சு. அந்தக் கீச்சு குழலுக்குள் போய் வெளியே வரும்போது நாயனச் சத்தமாகிறது. மனிதக் குரலும் அப்படித்தான். தொண்டையில் ஒரு அதிர்வு, அதற்கு மேல் வாயும் நாக்கும் மூக்கும் சேர்ந்த ஒரு குழல். நாயனத்துக் குழல் மரம், மாறாது. நம் குழல் பேசப் பேச உரு மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில் அது பெரிதாக மாறிவிடாது. அதனால் ஏஎம்ஆர் பேச்சை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் குழல் இப்போது என்ன உருவில் இருக்கிறது என்பதைப் பத்து எண்களில் எழுதிக்கொள்கிறது. அதிர்வு என்ன சுருதியில் இருக்கிறது என்பதை எழுதிக்கொள்கிறது. சத்தத்தை அனுப்புவதில்லை. சத்தத்தை மறுபடி செய்துகொள்ளும் குறிப்பை அனுப்புகிறது.

இரண்டும் சேர்ந்தாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். ஒருவர் குரலை அவர் குரலாக்குவது பெரும்பாலும் அந்த மிச்சம்தான். அதற்கு என்ன செய்கிறது? ஜவுளிக்கடையில் சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் பார்ப்போமே, அதேதான். கைவசம் ஏராளமான துண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, குழலுக்குள் விட்டுப் பார்த்து, அசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது ஒட்டிப் போகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு துணியை அனுப்பாமல் அதன் நம்பரை மட்டும் அனுப்புகிறது. அந்தப் பக்கத்துப் போனிலும் அதே அடுக்கு இருப்பதால் நம்பரைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்.

இந்த யோசனையை 1985-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் பிஷ்ணு அடலும் வெளியிட்டார்கள். அடல் கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அன்றைக்கு க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டருக்கே ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆனது. அவர்கள் அந்த வேலையில் இருந்த அதே வருடங்களில் மாமா ஷார்ஜாவில் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஒரு மாதிரி இருக்கிறது.

ஏஎம்ஆரில் எட்டுப் படிகள் உண்டு. நொடிக்கு 4.75 கிலோபிட்டில் தொடங்கி 12.2 வரை. அடிப்படியில் ஒரு நிமிடம் 39 கிலோபைட், மேல்படியில் 96 கிலோபைட். நான் இரண்டையும் கேட்டுப் பார்த்தேன். 4.75-ல் சொல் புரிகிறது. ஆள் மட்டும் மாறிவிடுகிறார். யாரோ ஒருவர் மாமாவின் செய்தியை வாசிப்பது போல இருக்கிறது. 12.2-ல் மாமா. அப்புறம் கணக்குப் பார்த்தால் மேல்படியிலேயே ஒரு மணி நேரம் ஐந்தே முக்கால் மெகாபைட்தான். 635-க்கு ஐந்தே முக்கால். இதற்கும் கீழே மிச்சம் பிடிக்க மனம் வரவில்லை.

மாற்றும் வேலைக்கு ஆடாசிட்டி, எஃப்எஃப்எம்பெக் என்ற இரண்டு இலவச மென்பொருள் போதும். எஃப்எஃப்எம்பெக் ஏஎம்ஆரைப் படித்துவிடும், ஆனால் எழுத வேண்டுமென்றால் ஓபன்கோர் என்ற நூலகம் சேர்த்துத் தொகுத்த பதிப்பு வேண்டும். முதல் நாள் முழுக்க எனக்கு அதிலேயே போனது.

கேசட்டை அப்படியே தூக்கிப் போட்டு மாற்றக் கூடாது என்பதை இரண்டாம் நாள் தெரிந்துகொண்டேன். கேசட்டின் 'உஸ்' சத்தம் நமக்குப் பழக்கம், காது அதை ஒதுக்கிவிடும். ஏஎம்ஆருக்கு ஒதுக்கத் தெரியாது. அந்த உஸ்ஸையும் யாரோ பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் மேட்சிங் தேடுகிறது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதனால் முதலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள முனகலை வெட்டினேன். உஸ்ஸைக் கொஞ்சமாகக் குறைத்தேன். கொஞ்சமாக என்பது முக்கியம், முழுக்கத் துடைத்தால் குரலின் ஓரமும் சேர்ந்து போய்விடும். இரண்டு சேனலையும் கலந்து ஒன்றாக்காமல் எது தெளிவோ அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் மயிரிழை நேர வித்தியாசம் இருந்தால் கலக்கும்போது மேல் சுருதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கடைசியாக நொடிக்கு 8,000 ஒலி மாதிரியாகக் குறைத்தேன். அதோடு 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது அனேகமாக எல்லாமே போய்விடுகிறது.

போவதில் முதல் இடம் 'ஸ'வுக்கு. அதன் உயிர் முழுக்க மேலேதான் இருக்கிறது. போனில் 'ஸ்' என்று சொன்னால் 'ஃப்' என்று கேட்பது அதனால்தான். நம் பேச்சில் 'ஃப' அதிகம் இல்லாததால் பெரிய குழப்பம் வருவதில்லை. நான் பயந்தது 'ழ'வுக்கு. ஆனால் 'ழ' தப்பித்துவிடுகிறது! நாக்கை மடிக்கும்போது குழலின் மூன்றாவது ஒத்திசைவு கீழே இறங்குகிறது, அது அந்த 3,400-க்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இது ஏன் எனக்குப் பெரிதாகப் பட்டது என்றால், மாமாவுக்கு முதலில் 'ழ' கிடையாது. எங்கள் குடும்பம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலைக்குப் போனது. எங்கள் ஆட்களுக்கு மழை மளைதான், பழம் பளம்தான். 1984 கேசட்டில் மாமா "அங்க மளை எப்படி?" என்று கேட்கிறார். ஷார்ஜாவில் அவர் அறையில் அத்தனை பேரும் மலையாளிகள். 1989 கேசட்டில் அவர் கேட்பது "அங்க மழை தொடங்கியாச்சா?" நல்ல அழுத்தமான 'ழ', கோட்டயத்துக்காரர் சொல்வது போல. பதினைந்து வருடம் மூணாறு பக்கத்தில் இருந்து பழகாத 'ழ', பாலைவனத்தில் பழகியிருக்கிறது. ஐந்தே முக்கால் மெகாபைட்டுக்குள் அந்த 'ள'வும் 'ழ'வும் அப்படி அப்படியே இருந்தன. அதைக் கேட்ட இரவில்தான் இந்தச் சின்ன வடிவத்தை முழுதாக நம்பினேன்.

இரண்டாவது கேசட்டில் வேறு ஒரு தொல்லை. மாமா குரல் பத்து வயதுப் பையன் குரல் போல மெலிந்து ஓடியது. பதிவு செய்யும்போது பேட்டரி இறங்கியிருந்தால் நாடா மெதுவாகச் சுற்றும். அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் உயர்ந்துவிடும். அறையில் ப்ளக் ஒன்றுதான், அதில் எப்போதும் யாராவது இஸ்திரிப் பெட்டி சொருகியிருப்பார்கள் என்று அதே கேசட்டில் சொல்கிறார். அதனால் பேட்டரி. சரி, வேகத்தைக் குறைக்கலாம், எவ்வளவு? எனக்கு மாமா குரல் நினைவில் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். நான்கு சதவீதம் குறைத்தாலும் மாமா போலத்தான் இருந்தது, எட்டு குறைத்தாலும் மாமா போலத்தான் இருந்தது.

அதே பத்து நொடியை நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று குறைத்து நான்கு துண்டாக்கி அனுப்பினேன். ஒவ்வொன்றும் 16 கிலோபைட். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினேன், அப்படி அனுப்பினால் கோப்பு இருந்தபடியே போகும். மாலையில் அத்தை பாறைக்கு ஏறி வந்தார். பேரன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவது எனக்குப் போனில் கேட்டது. முதலாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது முடிவதற்குள்,

"இதுதான். அவுக இப்படித்தான் 'கேட்டியா'ம்பாக."

கொஞ்ச நேரம் கழித்து, "சளி புடிச்சிருந்துச்சோ? தொண்டை கட்டுன மாதிரி இருக்கு" என்றார்.

சுருக்கியதால் வந்த அடைப்பு என்றுதான் நான் நினைத்தேன், சொல்லவும் செய்தேன். அன்று இரவு அசலைப் போட்டு மேலே கேட்டேன். அடுத்த பக்கத்தில், மூன்று நாளாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை என்று மாமாவே சொல்கிறார்.

துண்டு போடுவதிலும் ஒருமுறை தடுக்கி விழுந்தேன். அரை மணி நேரக் கோப்பை மூன்று நிமிடம் மூன்று நிமிடமாக நறுக்கி அனுப்பினால் டவர் அறுந்தாலும் ஒரு துண்டுதான் வீணாகும் என்று, பைட் கணக்கில் நறுக்கும் கருவி ஒன்றால் வெட்டினேன். முதல் துண்டு மட்டும் பாடியது. மற்ற ஒன்பதும் பாடவில்லை. ஏஎம்ஆர் கோப்பின் தலையில் ஆறு பைட்டில் ஒரு முத்திரை இருக்கிறது: ஒரு ஹேஷ் குறி, ஒரு ஆச்சரியக்குறி, ஏஎம்ஆர் என்ற மூன்று எழுத்து, ஒரு வரி முடிவு. அது இல்லாத கோப்பைப் போன் தொடாது. முத்திரையை ஒட்டவைத்தால் மட்டும் போதாது, 12.2 படியில் ஒவ்வொரு 20 மில்லிநொடித் துண்டும் 32 பைட் என்பதால் வெட்டும் அந்த எல்லையிலேயே விழ வேண்டும். அதைவிட, அசல் ஒலியை முதலில் நறுக்கிவிட்டு ஒவ்வொன்றையும் தனியாக மாற்றுவது எவ்வளவோ எளிது. அப்படித்தான் செய்தேன். ஒரு துண்டு 288 கிலோபைட். ஒரு நாளைக்கு நான்கு துண்டு என்று ஜூலை முழுக்கப் போனது.

இன்னொரு வசதியைச் சொல்லியாக வேண்டும். பேச்சு இல்லாத இடத்தை அடையாளம் கண்டு, அங்கே அனேகமாக ஒன்றும் அனுப்பாமல், அந்தப் பக்கத்தில் செயற்கையாக ஒரு மெல்லிய இரைச்சலை நிரப்பும் ஏற்பாடு ஏஎம்ஆரில் உண்டு. போனில் பேசும்போது பேட்டரி மிச்சமாகும். கோப்பும் இன்னும் இளைக்கும். நான்காவது கேசட்டில் மாமா பேச்சை நிறுத்திவிடுகிறார். பதினோரு நொடி. பின்னால் மின்விசிறி ஓடுகிறது, யாரோ கதவைச் சாத்துகிறார்கள், பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு "சரி, பிள்ளைகளைப் பாத்துக்க" என்கிறார். அந்த ஏற்பாட்டைப் போட்டதில் மின்விசிறி போய்விட்டது. அந்த பதினோரு நொடியை மெஷின் காலி என்று எடுத்துக்கொண்டது. உடனே அதை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றினேன்.

ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர். நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மின்சாரமும் இல்லை, போனும் இல்லை, அதனால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. அத்தை இருப்பது வேறு எஸ்டேட். இருந்தாலும் அன்று மதியம் வரை எங்களுக்கு அத்தையின் குரல் கிடைக்கவில்லை. அந்த அரை நாளைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. மலையில் இருப்பவர்களுக்கு, மெலிந்த ஒரு கம்பியில், அறுந்து அறுந்து வரும் ஒரு அலையில், "நான் இருக்கேன்" என்ற இரண்டு சொல்லாவது கடந்து வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரு நொடிக்கு இத்தனை பிட் என்று கணக்குப் போடுகிறவர்கள் மீது எனக்கு அதற்குப் பிறகு மரியாதை கூடிவிட்டது.

அந்த மாதம் நான் எதுவும் அனுப்பவில்லை. செப்டம்பரில் அத்தைதான் மறுபடி கேட்டார்.

மிச்சம் இருந்தது ஏழாவது கேசட். 1988-ல் மாமாவின் அம்மா லயத்திலேயே இறந்துபோனார்கள். தந்தி போய், லீவு கிடைத்து, மாமா வந்து சேரும்வரை வைத்திருக்க முடியாது. அடை மழைக் காலம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் டேப் ரெக்கார்டரை எடுத்து வந்து ஜன்னல் திட்டில் வைத்து அமுக்கிவிட்டார். மகன் வர முடியாத சாவுக்கு மகன் காதாவது வரட்டும் என்று. அத்தைதான் ஒப்பாரியை எடுத்துப் பாடுகிறார். ஒவ்வொரு அடி முடிவிலும் ஆறேழு பெண்கள் சேர்ந்து எடுக்கிறார்கள். மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரையில் மழை.

ஏஎம்ஆரில் போட்டேன். அத்தை தனியாகப் பாடும் இடமெல்லாம் நன்றாக வந்தது. மற்றவர்கள் சேர்ந்ததும் எல்லாம் குலைந்தது. காரணம் தெரிந்ததுதான். அதன் கணக்கில் ஒரு துண்டுக்கு ஒரு தொண்டை, ஒரு குழல், ஒரு சுருதி. ஏழு பெண்கள் ஏழு சுருதியில் அழுதால் அது ஏழையும் ஒரே தொண்டையில் திணிக்கப் பார்க்கிறது. யாரோ ஒருத்தி கழுத்து நெரிபட்டு அலறுவது போன்ற ஒரு சத்தம். மழை, எண்ணெய்ச் சட்டியில் நீர் தெறிப்பது போல. படியை மாற்றியும் பார்த்தேன். இது அந்த வடிவத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். ஒருவர் ஒருவரிடம் பேசுவதற்காகச் செய்தது அது, அதை முழுதாகச் செய்கிறது. ஒப்பாரியில் ஒருவர் ஒருவரிடம் பேசுவதில்லை.

மழையை விட்டுவிட்டு அத்தை தனியாகப் பாடும் இடங்களை மட்டும் நறுக்கி அனுப்பலாமா என்று யோசித்தேன். எட்டாவது கேசட் வேண்டாம் என்றது. அது மாமாவின் பதில். "ஒங்க அழுக எல்லாம் கேட்டேன். அம்மா போன அன்னைக்கு மழை எப்படி பெஞ்சிருக்கு. அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டு இருக்கேன். இங்க மழையே இல்ல பாத்துக்க."

அதற்கு ஓபஸ்தான் சரி. 2012-ல் வந்தது. பேச்சுக்காக ஸ்கைப் செய்த சில்க் என்ற முறையும், இசைக்காக ஸிஃப் அமைப்பு செய்த செல்ட் என்ற முறையும் ஒரே கூரைக்குள் வந்த வடிவம். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தி இதில்தான் போகிறது. தனிக் குரலுக்குத் தொண்டை வழியையும், பல குரலுக்குக் காது வழியையும் அதுவே மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறது. 32 கிலோபிட்டில் ஏழு பெண்களும் ஏழு பெண்களாகவே இருந்தார்கள். மழை மழையாக இருந்தது. ஒரு பக்கம் ஏழு மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் பட்டன் போன் அதைத் தொடாது, பாறையிலும் இறங்காது. இதைக் கையில் கொண்டுபோவது என்று எடுத்து வைத்தேன்.

2021 தை மாதம் போக முடிந்தது. ஒரு மெமரி கார்டில் பத்து கேசட்டின் அசலும், ஓபஸும், ஏஎம்ஆரும். தேவிகுளம் போகும் கேப் ரோட்டில் மலையை வெட்டிய இடங்கள் சிவப்பாக இருந்தன. லயத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி. புல்லில் காலைப் பனி விழுந்து கருகிய அடையாளம் இருந்தது, வானத்தில் ஒரு மேகம் இல்லை. அத்தை கட்டஞ்சாயா போட்டுத் தந்தார். பேரனின் போனில் கார்டைப் போட்டு, சின்ன ஸ்பீக்கரில் ஏழாவது கேசட்டை ஓட விட்டேன்.

அத்தை தன் குரலைக் கேட்டு அழுவார் என்று நினைத்துத் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவர் அழவில்லை. யார் யார் குரல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இது மேட்டு லயத்தக்கா, இது அவ மக, இவ இப்ப திருப்பூர்ல. அப்புறம் தலையைச் சாய்த்து, எதையோ தனியாகப் பிரித்துக் கேட்பது போல இருந்தார்.

"இது பழைய தகரம்" என்றார், மேலே கையைக் காட்டி. "இப்ப ஷீட்டு போட்டிருக்காங்க. இந்தச் சத்தம் வராது."